வாயை மட்டும் அசை

ஞானசௌந்தரிக்கு ‘அழைப்பு’ என்ற சொல்லே ஆகாது. அவளுடைய அப்பா சுவிசேஷமுத்துவுக்கு நாற்பது வயதுக்குள் ஐந்து அழைப்புகள் வந்தன. முதல் அழைப்பில் கணக்கு வாத்தியார் வேலையை விட்டார். இரண்டாவதில் குடும்பத்தோடு மதுராந்தகம் போய்க் கோழிப்பண்ணை வைத்தார். மூன்றாவதில் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு மாணவர் விடுதிக்குக் காப்பாளர் ஆனார். மற்ற இரண்டையும் சொல்லி முடிக்கப் பொழுது போதாது. ஒவ்வொரு முறையும் காலை ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது, “ஆண்டவர் என்னை அழைக்கிறார்” என்பார். அம்மா மறுபேச்சு இல்லாமல் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவாள். பன்னிரண்டு வயதுக்குள் ஞானம் நான்கு பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். அதில் ஒன்றில் மட்டும் ஒரு பழைய பியானோ இருந்தது. அங்கே இருந்த இரண்டரை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதுதான் அவளுடைய சங்கீதம். மிச்சமெல்லாம் கோயில் கீபோர்டில் தானாக வளர்த்துக்கொண்டது.

இடம் மாறாத வேலை வேண்டும் என்றுதான் ரயில்வே தேர்வு எழுதினாள். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் செக்கராகப் பதினாறு வருஷம். நடைமேம்பாலத்தின் படி முடிகிற இடத்தில் கறுப்புக் கோட்டோடு நின்றால், இறங்கி வருகிற கூட்டத்தில் யாரை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. அவர்கள் நேராகத்தான் பார்ப்பார்கள். மூச்சுதான் நெஞ்சுக்கு மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். ஞானம் பார்ப்பது அதை. நூற்றுக்குத் தொண்ணூறு தப்பாது.

வீட்டிலும் அப்படித்தான். கணவன் ஜெர்சன் மறைமலை நகரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தான். பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும், அவள் கேட்பதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவான். “எப்படியும் கேப்ப. நானே சொல்லிடறேன்” என்று சிரிப்பான்.

ஜூலை மாதம் கோயிலில் பாடகர் குழுவை நடத்தி வந்தவர் மகனோடு இருக்க பெங்களூர் போனார். கிறிஸ்துமஸ் வரைக்கும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாஸ்டர் ஞானத்திடம் கேட்டார். வேறு யாரும் கிடைக்கவில்லை போல என்று அவளுக்குச் சந்தேகம். ஆனாலும் சரி என்றாள்.

முதல் பயிற்சியன்று ஒரே பாட்டை மூன்று முறை பாடச் சொல்லிவிட்டு, ஃபேனைச் சரிசெய்கிற மாதிரி வரிசைக்குப் பின்னால் நடந்தாள். மேல்குரல் பாடும் பெண்கள் ஏழு பேர். நான்காவதாக நின்றவள் ஜான்சி. ஐம்பத்திரண்டு வயது, பெருங்களத்தூரிலிருந்து வருபவள், ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். எந்த ஞாயிறும் தவறாமல் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறவள். அவள் முதுகுக்குப் பின்னால் ஞானம் நின்றாள். வாய் அசைகிறது, தோள் ஏறி இறங்குகிறது, ஒரு வார்த்தை தப்பவில்லை. சத்தம் மட்டும் இல்லை.

பயிற்சி முடிந்ததும் ஞானம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, நீங்க பாடல.”

ஜான்சி பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். “தொண்டை கொஞ்சம் சரியில்ல.”

“போன வாரமும் பாடல. அதுக்கு முந்தின வாரமும் பாடல.” போன வாரத்தைப் பற்றி ஞானத்துக்கு ஒன்றும் தெரியாது. சும்மா போட்டுப் பார்த்தாள். செக்கர் வேலையில் அது பழக்கம்.

ஜான்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். “குழுவுல சேந்து பதினோரு வருஷம். ஒரு நாளும் பாடல” என்றாள்.

ஞானத்துக்கு அந்தப் பழக்கமான திருப்தி வந்தது. பிடித்தாயிற்று. “அப்போ அடுத்த வாரத்துலேர்ந்து கீழ சபையோட உக்காருங்க. பாடறவங்களுக்கு இடம் வேணும்ல.”

“சரிங்க மேடம்” என்றாள் ஜான்சி. அதுவரை அவளை ஞானம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு ஜான்சி கோயிலுக்கே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அந்த இரண்டு வாரமும் பாடகர் குழு கெட்டுப்போனது. ஒவ்வொரு சரணத்தின் தொடக்கத்திலும் மேல்குரல் ஆளுக்கொரு நேரத்தில் உள்ளே வந்தது. ஒருத்தி தாளத்தில் அரை அடி முன்னால், இன்னொருத்தி பின்னால். ஞானம் கையை எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும் பலன் இல்லை. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தாள். ஜான்சிக்கு வேண்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு தன்னை மட்டம்தட்டுகிறார்கள். முன்வரிசையில் ஜோசலின் என்ற பெண் குனிந்து சிரித்த மாதிரிகூட இருந்தது.

ஆதாரம் வேண்டும் என்று அந்த வருஷத்து ஈஸ்டர் ஆராதனையின் வீடியோவைத் தேடி எடுத்தாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில், செக்கர்கள் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். அதில் அதே பெண்கள் ஒரே கத்தியால் வெட்டின மாதிரி உள்ளே வந்தார்கள். மறுபடி கேட்டாள். ஏழாவது முறைதான் அது பிடிபட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு. அளவாக, அடிவயிறு வரை இறங்குகிற, சத்தமான ஒரு மூச்சு. அதை ஒட்டித்தான் மற்றவர்கள் வருகிறார்கள்.

அன்று மாலையே ஜோசலினுக்கு ஃபோன் செய்தாள்.

“சரணம் எப்போ ஆரம்பிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியலக்கா. ஜான்சி ஆண்ட்டி மூச்சு இழுப்பாங்க. நாங்க ஆரம்பிச்சிடுவோம். ஏன்க்கா?”

ஞானம் ஃபோனை வைத்தாள். பதினோரு வருஷமாக அந்த வரிசையை நடத்தி வந்தவளை அவள் வரிசையிலிருந்து இறக்கிவிட்டிருந்தாள்.

புதன்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். பெருங்களத்தூரில் ஜான்சியின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் உள்சங்கிலியை எடுக்கவில்லை.

“பாஸ்டர் அனுப்பினாரா?”

“இல்லக்கா. நானாத்தான் வந்தேன்.”

“எதுக்கு?”

“மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் ஒரு சந்தேகம் கேக்கணும்.”

ஜான்சி சங்கிலியை எடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. ஞானம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த மூச்சைப் பற்றிச் சொல்லி, பிறகு ஏன் பாடுவதில்லை என்று கேட்டாள். ஜான்சி நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வீடியோவைப் போட்டுக் காட்டினாள். தன் மூச்சையே கேட்டபோது ஜான்சியின் காது சிவந்தது.

“நாலாங்கிளாஸ்ல ஆண்டு விழாக்கு என்னையும் நிறுத்துனாங்க” என்றாள் மெதுவாக. “ஒத்திகையில பாட்டு டீச்சர் ஒவ்வொருத்தரா காது குடுத்துக் கேட்டுக்கிட்டே வந்தாங்க. எங்கிட்ட வந்து, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வெளிய வரக்கூடாதுன்னாங்க. அன்னிலேர்ந்து அப்படித்தான். எங்கம்மா அடக்க ஆராதனையிலகூட.”

காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்த அந்த டீச்சரை ஞானத்துக்கு நன்றாகத் தெரிந்தது. போன மாதம் ஃபேனைச் சரிசெய்த மாதிரி நடந்தவள்.

“நான் உங்களுக்குச் சொல்லித் தரட்டுமாக்கா?”

“உங்களுக்கு இதுல என்ன வேணும்?”

“தெரியல” என்றாள் ஞானம். அது உண்மை என்பதால்தானோ என்னவோ ஜான்சி அவளை வெளியே அனுப்பவில்லை.

அப்போது கீழே தண்ணீர் கேன் வண்டி வந்து மணி அடித்தது. ஜான்சி எழுந்து பால்கனிக்குப் போய், “ரெண்டு கேஏன்” என்று குரல் கொடுத்தாள். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம். மூன்று மாடி இறங்கித் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஞானம் ஃபோனில் கீபோர்டைத் திறந்து அந்த இரண்டு சுரத்தையும் தேடிப் பிடித்தாள். துல்லியமாக நின்றன.

“அக்கா, இன்னொரு தடவை கூப்பிடுங்க.”

“எதுக்கு? ரெண்டு கேன் போதும்.”

“சும்மா கூப்பிடுங்க.”

ஜான்சி கூப்பிட்டாள். அதே இரண்டு சுரம், இம்மி பிசகவில்லை. கேன்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “இன்னாக்கா, நாலா?” என்றார். ஜான்சி முதல் முறையாகச் சிரித்தாள்.

அப்படித்தான் தொடங்கியது. புதன்கிழமைகளில், ஜான்சி பள்ளி முடிந்து வந்ததும், ஒரு மணி நேரம். முதல் மாதம் பாட்டே இல்லை. ஆட்டோவைக் கூப்பிடுவது, எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிடுவது, பஸ்ஸை நிறுத்துவது. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நீட்டினால் அது பாட்டாகிவிட்டது. ஆனால் பாட்டு என்று சொன்ன அந்த நொடியே ஜான்சியின் மூச்சு நெஞ்சுக்கு மேலே ஏறி நின்றுவிடும். ஞானம் தினமும் படிக்கட்டில் பார்க்கிற அதே மூச்சு. அவளை அறியாமல் ஞானத்தின் தலை சாய்ந்து காது முன்னால் போகும். அது போனதும் எதிரில் குரல் அறுந்துவிடும். மூன்று வாரம் இப்படியே ஆனபிறகுதான் கோளாறு தன் கழுத்தில் இருப்பது அவளுக்கு உறைத்தது.

அதன்பிறகு எதிரே உட்காருவதை விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். ஞானத்தின் குரல் எப்போதும் ஜான்சியின் குரலுக்கு ஒரு படி தணிந்தே இருந்தது. டியூட்டி டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள்: ‘முன்னால் நிற்காதே. ஏற்கெனவே வருகிற சத்தத்திலிருந்து ஆரம்பி. தப்பைக் கண்டுபிடித்தது உனக்குப் பெருமை, அவளுக்கு உதவி இல்லை. அவளாகக் கேட்கிற வரைக்கும் பொறு.’ நான்காவது வரியை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. பொறுப்பது அவளுக்குத் தெரியாத வேலை.

செப்டம்பரில் ஒருநாள் காலை, செங்கல்பட்டு வண்டி வந்து கூட்டம் படியிறங்கியபோது ஞானம் ஒருவரையும் நிறுத்தவில்லை. கடைசி ஆள் போன பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு நேரமும் அவள் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இவருக்குத் தாடை இறுகியிருக்கிறது, இந்தப் பெண் தோளால் மூச்சு விடுகிறாள், இவளுக்கு முதலில் கொட்டாவி விடச் சொல்லித் தர வேண்டும். வாழ்நாள் முழுவதும் இதையே செய்தால் என்ன என்று ஒரு நினைப்பு, யாரோ தோளைத் தட்டின மாதிரி வந்தது.

அவளுக்குப் பகீரென்றது. இது அப்பாவின் வியாதி. இத்தனை வருஷம் பதுங்கியிருந்துவிட்டு இப்போது தலைகாட்டுகிறது. போகிறவர் வருகிறவரை எல்லாம் சோதித்தவள், அந்த நினைப்பையும் நிறுத்திச் சோதித்தாள். வேலை அலுத்துவிட்டதா? இல்லை. யாராவது புகழ்ந்தார்களா? ஜான்சி இன்றுவரை நன்றி சொன்னதில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? பதில் இல்லை. பதில் இல்லாதவர்களை அவள் விட்டுவிடும் வழக்கம் இல்லை. ஆறு மாதம் யாரிடமும் சொல்லக் கூடாது, வேலையை விடக் கூடாது, அதற்குள் போய்விட்டால் போகட்டும் என்று முடிவு செய்தாள்.

ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்த அப்பாவுக்கு மோப்பம் பிடித்துவிட்டது. எழுபத்து நான்கு வயது. காலையில் இட்லியைப் பிட்டபடியே கேட்டார்.

“புதன்கிழமை புதன்கிழமை எங்கம்மா போற?”

“ஃப்ரெண்டு வீட்டுக்கு.”

“முகமே வேற மாதிரி இருக்கே. ஆண்டவர் எதாவது பேசுறாரா?”

“பேசுனா சொல்றேம்பா” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அக்டோபரில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஜான்சிதான் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். தன்னைப் போலவே வாயை மட்டும் அசைக்கிறவர்கள் சபையில் நிறையப் பேர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான்கு பேர் வந்தார்கள், மூன்று பெண்களும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரும். பாஸ்டரிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு ஞாயிறு பள்ளி அறையில் கூடினார்கள். மூன்றாவது வாரம், ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டு “ஆட்டோ” என்று நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சபைச் செயலாளர் சாலமோன் சார் நின்றார்.

“என்ன நடக்குது இங்க?”

“பாட்டு க்ளாஸ் சார்” என்றாள் ஞானம்.

“பாட்டு மாதிரி கேக்கலையே. வெளியில ரெண்டு பேர் எங்கிட்ட வந்து சொல்றாங்க, உள்ள கதவைச் சாத்திக்கிட்டு என்னமோ கத்துறாங்கன்னு.” அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். “சொல்லிக்குடுக்கறதுக்கு உங்ககிட்ட சர்டிஃபிகேட் எதாவது இருக்கா?”

ஞானத்தின் மூச்சு நெஞ்சுக்கு மேலே ஏறி நின்றது. அவளுக்கே அது தெரிந்தது. அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

“இல்ல சார்.”

“அப்போ எந்த முறையில சொல்லித் தர்றீங்க?”

முறை என்று அவளிடம் இருந்தது டைரியின் கடைசிப் பக்கம்தான். “இவங்க எல்லாருக்கும் குரல் இருக்கு சார். யாரோ ஒருத்தர் வேணாம்னு சொன்னதால உள்ளயே வெச்சிருக்காங்க. வேணாம்னு சொன்னவங்க காது நல்ல காதுதான். தப்பைச் சரியாத்தான் கண்டுபிடிச்சாங்க. கண்டுபிடிச்சதோட விட்டுட்டாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போ கண்டுபிடிக்கறதைக் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கேன். மொதல்ல சத்தம் வரட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்.”

“பயிற்சி இல்லாம சொல்லிக்குடுத்து யாருக்காவது தொண்டை கட்டிக்கிச்சுன்னா?”

அது நியாயமான கேள்வி. சாலமோன் சார் கெட்டவர் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்பதுதான் அவர் வேலை. கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்று போனார். சான்றிதழ் வரும்வரை அறை தர முடியாது என்று அடுத்த வாரமே சொல்லிவிட்டார்கள்.

ஐந்து பேரும் கோயில் வாசலில் நின்றார்கள். தபால்காரர் குடையை விரித்தார், மடக்கினார். “எங்க வீட்டுல வெச்சுக்கலாம், ஞானம்” என்றாள் ஜான்சி. “மூணு மாடி ஏறணும். அதுவும் மூச்சுக்கு நல்லதுதான்.”

நவம்பரில் ஸ்டேஷனில் ஞானத்துக்குப் பதவி உயர்வு வந்தது. பறக்கும் படையில் மூத்த பரிசோதகர். வெளியூர் வண்டிகள், மாறிமாறி வரும் டியூட்டி. புதன்கிழமை இனி அவள் கையில் இருக்காது. இரண்டு நாள் அந்தக் காகிதத்தைப் பையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் வேண்டாம் என்று கடிதம் எழுதினாள். எழுதுவதற்கு முன்னால், தானே வைத்த ஆறு மாதக் கெடு முடியாவிட்டாலும், ஜெர்சனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், “வேலைய விடலல்ல. அது போதும். அந்தப் பாட்டு சர்டிஃபிகேட் பரீட்சைக்குப் படிக்கப் போறேன்னா சொல்லு, சமையல் நான் பாத்துக்கறேன்” என்றான். இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமா என்று அவள் யோசித்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்துக்கொண்டிருந்தார்.

“பிரமோஷனையே வேணாம்னு எழுதிட்ட.”

“ஆமாப்பா. பாட்டுச் சொல்லிக்குடுக்கப் போறேன். ஆண்டவர் பேசல. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “எங்கிட்டயும் பேசல” என்றார்.

ஞானம் திரும்பிப் பார்த்தாள்.

“எப்போ?”

“அஞ்சு தடவையும். பள்ளிக்கூடத்துல பசங்க சிரிப்பாங்க. எட்டாங்கிளாஸ் பசங்க. நான் போர்டு பக்கம் திரும்புனா போதும். கண்டிக்கத் தெரியல, நிக்க முடியல. கோழிங்க செத்துப்போச்சு. விடுதியிலயும் அதே கதை. கெளம்புறதுக்கு ஒரு பேரு வேணும்ல. உங்கம்மா எதிர்த்துக் கேக்காத பேரு அது ஒண்ணுதான்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்கும். கேக்கல.”

முப்பது வருஷமாக அவள் சந்தேகப்பட்டது இதைத்தான். சரியாக வந்துவிட்டது. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அம்மா கட்டிய சாக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. கோபத்தில் தொட்டிப் பாத்திரம் முழுவதையும் கழுவி முடித்தாள். அதன்பிறகும் அப்பா அதே நாற்காலியில்தான் இருந்தார். அவர் மூச்சு மேலே நிற்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு நிதானமாக இறங்கி ஏறியது.

“நீ ஓடலம்மா” என்றார். “எனக்குத் தெரியும். ஓடறவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா?”

அவள் மன்னித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனாள்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனையன்று ஜான்சி தன் பழைய இடத்தில் நான்காவதாக நின்றாள். அவள் மூச்சு இழுத்தாள், ஏழு பேரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். இந்தமுறை ஏழு குரல். மூன்றாவது சரணத்தில், மேலே ஏறுகிற இடத்தில், ஒரு குரல் சுரத்துக்குக் கொஞ்சம் கீழே தங்கிவிட்டது. ஞானத்தின் கழுத்து சாயப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு கையைக் காட்டிக்கொண்டேயிருந்தாள்.

ஆராதனை முடிந்து கேக் கொடுக்கிற நேரத்தில் சாலமோன் சார் வந்தார். “நல்லா இருந்துச்சு. ஆனா மூணாவது சரணத்துல ஒரு குரல் சேரல. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன் சார்.”

“யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரியும் சார்.”

அவர் காத்திருந்தார். ஞானம் கேக் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அவளைச் சந்தேகமாக ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு ஜான்சி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “நான்தானே?” என்றாள் திரும்பாமலே.

அவளாகக் கேட்டுவிட்டாள். இனி சொல்லலாம். “ஆமாக்கா. மேல ஏறும்போது பயந்துட்டீங்க.”

“பயப்படல” என்றாள் ஜான்சி. “அதுக்கு முன்னாடி வரியில மூச்சைப் பாதியில எடுத்துட்டேன். பத்தல.”

ஞானம் அந்த வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஜான்சி சொல்வது சரியாக இருக்கலாம் என்று தோன்றியது. பயம் என்று தான் நினைத்ததற்குத் தன்னிடம் ஆதாரம் இல்லை.

“எங்க எடுத்தீங்க? பாடிக் காட்டுங்க” என்று கேட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.